மாடி வளைவு

சடையாண்டியின் வீட்டில் சீக்காளி இருப்பதாகக் கேள்விப்பட்டு எட்டு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திய பிறகு, புரோக்கர் இலியாஸ் காட்டிய மூன்றாம் மாடி வீட்டின் வாடகையும் கட்டுப்படியானது. அதனாலேயே சடையாண்டிக்குச் சந்தேகம். குழாயைத் திறந்தார், சுவரைத் தட்டினார். குறை ஒன்றும் அகப்படவில்லை. இறங்கும்போது படிக்கட்டு திரும்பும் இடத்தில் நின்று, மடியிலிருந்த கயிற்றை எடுத்துக் குறுக்கே பிடித்தார். ஒரு சாண் மிஞ்சியது.

“பீரோவுக்கா பெரியவரே? பால்கனி வழியா ஏத்திரலாம்,” என்றார் இலியாஸ்.

“பீரோ ஏது எங்கிட்ட? இது எம் பொண்டாட்டி உசரம்யா. ஏறுறப்ப எந்தோளப் புடிச்சு ஏறிருவா. எறக்குறப்ப நாலு பேரு இதுல திரும்பணுமில்ல?”

சடையாண்டி இந்தத் தடவை கயிற்றைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். இலியாஸ் சாவியைப் பையில் போட்டுவிட்டு, மறுமுனையை வாங்கிக்கொண்டார்.