துக்கத்தில் வைத்த காதுக்கருவி

எங்கள் பாட்டுக் குழுவில் எல்லோரும் காதில் கருவி மாட்டித்தான் உட்காருவோம். மற்றவர் சொல்லும் குறைகளை, நம் மனம் தாங்கும் அளவுக்கு இதமாக்கி, அவர் குரலிலேயே அது சொல்லும்.

மனைவி நந்திதாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு எழுதிய பாட்டைப் பாடினேன்.

"அருமை," என்றாள் ரெஜினா. ஒரு வருடமாக என் பாட்டெல்லாம் அருமைதான். ஆனால் இந்த ஒரு சொல்லுக்கு அவள் வாய் வெகுநேரம் அசைந்தது.

கருவியைக் கழற்றிப் பார்த்தேன். நந்திதா இறந்த வாரம் இதமாக்கும் அளவை 'துக்கம்' என்று வைத்ததை மாற்றவேயில்லை.

"இப்பச் சொல்லு ரெஜினா."

"வேணாம்பா."

"நாளைக்குப் பாடணும். சொல்லு."

"நிலா, மல்லிகை, தேவதை. யார் பொண்டாட்டிக்கும் பொருந்தும். கேரம்ல திருட்டாட்டம் ஆடிட்டு நம்மளயே திட்டுவாளே, அவ எங்க இதுல?"

சரணத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிப் படித்தேன்: "சிவப்புக் காயை மடியில் மறைத்தவளே."

"மடியில இல்ல தம்பி," என்றார் மூத்தவர் இன்பசேகர். "வாயில."

சிரிப்பு வந்தது. திருத்திக்கொண்டேன்.