புளித்துப்போன ஒயின்

செலின் வீட்டு விருந்தில் பாதி தீர்ந்த ஒயின் பாட்டில், ஃப்ரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

மறுநாள் செலின் ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, நேத்தைவிட நல்லா இருக்கே!" என்றாள்.

"கேட்டியா? நான் நாளாக ஆக ருசி ஏறுற ரகம்," என்று பாட்டில் மாவிடம் பீற்றிக்கொண்டது.

நான்காம் நாள் மாவு மூக்கைச் சுளித்தது. "உன்கிட்ட லேசாப் புளிப்பு வாடை அடிக்குது."

"புளிப்பா? இது பக்குவம்!"

"எனக்குத் தெரியாத புளிப்பா?" மாவு சிரித்துவிட்டது. பாட்டில் கோபித்துக்கொண்டது.

ஆறாம் நாள் காலையில் செலின் மாவை அடுப்புமேடையில் எடுத்து வைத்தாள். பிறகு ஒயினை ருசி பார்த்தாள். முகம் கோணியது. "சே, போச்சு!" என்று பாட்டிலைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் வைத்தாள்.

பாட்டில் மாவிடம் திரும்பியது. "ஆமா, புளிச்சுட்டேன். நீயும்தானே புளிச்சே, உன்னை என்ன செஞ்சாங்க?"

"முதல்ல இட்லி. அப்புறம் தோசை. இன்னைக்கு ஊத்தப்பம்," என்றது மாவு.

செலின் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்க்கப் போனாள். வினிகர் வாசனை மூக்கில் ஏற, கை நின்றது. நறுக்கி வைத்திருந்த வெங்காயத்தின் மேல் அதில் கொஞ்சம் ஊற்றி, உப்புத் தூவிக் கலந்தாள்.

அன்று ஊத்தப்பத்துக்குச் சட்னியை வீட்டில் யாரும் தொடவில்லை. வெங்காயத்துக்குத்தான் சண்டை.