வடித்த தண்ணீர்

டயட்டீஷியனான அவள் நோட்டை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள்.

காலை 8.10 இட்லி இரண்டு. பகல் 1.05 சோறு ஒரு கப், வேகவைத்து வடித்த புடலங்காய், மோர் கால் டம்ளர். மாலை 4.30 டீ அரை கப்.

எழுதியவர் சங்கரபாண்டி. முப்பது வருஷம் ரயில்வே கேட்கீப்பர். வண்டி கடந்த நிமிஷத்தை ரிஜிஸ்டரில் குறித்துக் குறித்துப் பழகிய கை. டயாலிசிஸுக்கு வருகிற நாற்பது பேரில் சாப்பாட்டு நோட்டை ஒழுங்காக எழுதுகிறவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒரு வாரத்தை ஒரே மூச்சில் எழுதுவார்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேறு கதை சொன்னது.

பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்று.

ஐந்தரையைத் தாண்டினாலே ஆபத்து. போன மாதம் ஆறு புள்ளி எட்டுக்கு ஏறி, இதயத் துடிப்பு தப்பி, மனிதர் இரண்டு நாள் ஐசியுவில் கிடந்தார். இன்னொரு தடவை அப்படி ஏறினால் பிழைப்பார் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

அவர் வார்டுக்குத் திரும்பிய அன்றே துருவித் துருவிக் கேட்டாள். காயை வேகவைக்கிறீர்களா? வடிக்கிறீர்களா? வடித்த தண்ணீரைக் கொட்டுகிறீர்களா? பொட்டாசியம் பூராவும் அந்தத் தண்ணீரில்தானே இறங்கியிருக்கும்?

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

பிறகு இளநீர் குடித்ததாகச் சொன்னார். தினம் ஒன்று.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நோட்டில் பொய் எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றுகூடக் கேட்டுவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஃபைலில் இளநீர் என்று எழுதிச் சிவப்பில் அடிக்கோடு போட்டாள். காரணம் கிடைத்துவிட்ட திருப்தி.

இன்று அவர் மிஷினில் படுத்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. கால்மாட்டில் அவர் மனைவி உலகம்மாள். கூட வருகிறவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் உட்கார வேண்டும். இன்று நர்ஸிடம் மன்றாடி உள்ளே வந்துவிட்டாள். வழக்குப் பேசத்தான் வந்திருந்தாள்.

"இவிய இளநீர் குடிச்சாவன்னு எழுதி வச்சிருக்கியளாமே. வாசப்படி தாண்டுனா நான் கூடல்லா போறேன், எப்பம்மா குடிச்சாவ? காயைக்கூட நீங்க சொன்னபடிதான் வேகவச்சு வடிச்சுக் குடுக்கேன். வெறுஞ்சக்கையத் தின்னா உடம்புல என்னத்த ஒட்டும்? அதான் அந்தத் தண்ணியிலயே மிளகு தட்டிப் போட்டு ரசம் வச்சிருதேன். சத்தெல்லாம் அதுலதான இருக்கு. நான் ஒரு வாய் தொடமாட்டேன். கடைசி மடக்கு குடிக்கது வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன்."

முகத்தில் அவ்வளவு பெருமை.

அவள் நோட்டைப் பார்த்தாள். சோறு, காய், மோர். சோறு, காய், மோர். இந்த ஊர்ப் பக்கத்து மனிதர் ஒருவர் ரசம் இல்லாமல் மாதக்கணக்கில் பகல் சாப்பாட்டை முடித்திருக்கிறார் என்றால், அதிலேயே அவள் விழித்திருக்க வேண்டாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போலத்தான். அளவுத் தண்ணீருக்கு மேல் குடித்ததாகிவிடும் என்று முதலில் எழுதாமல் விட்டிருப்பார்.

வடிக்க வேண்டும், கொட்ட வேண்டும் என்று அவள் சொன்னதெல்லாம் அவரிடம். சமைக்கிறவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தாள். வடிக்க வேண்டும் என்பது மட்டும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம். அவள் இந்தத் தண்ணீரில் விழுந்தாள்.

ரசம்தான் காரணம் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது, போன மாதம் அவள் கேட்ட அந்த நிமிஷத்தில். அதன்பிறகும் குடித்திருக்கிறார்.

மனிதருக்கென்ன பைத்தியமா? மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அந்த வார்த்தையை யோசித்தாள். அவளுக்கும் வரவில்லை.

"ரசம் இனிமே வேண்டாம்மா. அதுவும் அவர் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணிக் கணக்குல சேரும். வடிச்ச தண்ணி ஒரு சொட்டுகூட அவருக்குப் போகக் கூடாது. சாம்பார்ல ஊத்தக் கூடாது, கூட்டுல ஊத்தக் கூடாது. செடிக்கு ஊத்திருங்க."

"செடிக்கா?"

உலகம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பம் இவியளுக்குக் கூடுனது எதுனாலம்மா?"

அவர் கண்ணைத் திறந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. நேரே அவளைப் பார்த்தார்.

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள்.

"இளநீர்தான் உலகு" என்றார் அவர். "நீ கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கெல்லாம் குடிச்சேன்."

உலகம்மாள் போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடிவிட்டு வெளியே போனாள்.

அடுத்த வாரம் சீட்டு வந்தது. பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்று. அவளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே அழுகை வரப் பார்த்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு அவருடைய நோட்டை எடுத்தாள்.

பகல் 1.05 சோறு ஒரு கப், வேகவைத்து வடித்த அவரைக்காய், மோர் கால் டம்ளர்.

முந்தின வாரத்துப் பக்கத்துக்குத் திருப்பினாள். அவர் கையெழுத்துக்குக் கீழே பென்சிலில் ஒரு சொல் கூடியிருந்தது. எழுதிப் பழக்கமில்லாத கை. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கிப் போயிருந்தன.

ரசம்.

அதற்கு முந்தின நாள். ரசம். அதற்கும் முந்தின நாள். ரசம். போன மாதம், அதற்கு முந்தின மாதம், முதல் பக்கம் வரைக்கும்.

எந்த நாளும் விட்டுப்போகவில்லை.