மூன்றாவது துடுப்பு

மீன் பிடிக்கக் கூடாத கடல் பகுதியைச் சுற்றி மஞ்சள் மிதவைகள் கட்டியிருக்கிறோம். காவல் மேடையில் பகல் முழுக்க நான்தான். அந்த வழியாகப் போகும் படகிலிருந்து ஆளுக்கொரு துடுப்பைத் தூக்கிக் காட்ட வேண்டும். படகில் எத்தனை பேர் என்று நான் எண்ணி எழுதிக்கொள்வேன்.

திங்களன்று என் தம்பி நிலோவும் அவன் கூட்டாளி அர்செனியோவும் மிதவைக்கு உள்ளே வலை போட்டார்கள். "குழந்தை ஏசு சாந்தோ நீஞோ திருவிழா வருதுக்கா, கண்டுக்காதே," என்று நிலோ முதல் நாளே சொல்லியிருந்தான். பார்த்தேன், எழுதவில்லை.

அன்று மாலை அவர்கள் படகில் மூன்று துடுப்புகள் உயர்ந்தன.

"யாருடா மூணாவது ஆளு?" என்று கரையில் கேட்டேன்.

"உனக்குக் கண்ணாடி மாத்தணும்," என்றான் நிலோ. படகில் கிடந்ததே இரண்டு துடுப்புகள்தான்.

செவ்வாயும் மூன்று. புதனும் மூன்று. நிலோ கேலி பேசுவதை விட்டுவிட்டான்.

வியாழன் மாலை இரண்டு துடுப்புகள் மட்டும் உயர்ந்தன. அப்பாடா என்று எழுதிவிட்டுக் கரைக்குப் போனேன்.

அர்செனியோ மட்டும் இறங்கினான்.

"நிலோ எங்கடா?"

"பின்னாடிதானே உக்காந்திருக்கான்," என்றான், திரும்பிப் பார்க்காமல்.

பின்பலகை ஈரமாக இருந்தது. அங்கே யாரும் இல்லை. ஒரு துடுப்பு மட்டும், யாரோ தூக்கிக் காட்டுவதுபோல் நின்றது.