தெருமுனை ஹாரன்

பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய பொன்னுரங்கத்தை எல்லோரும் மிலிட்டரி என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக அவருடைய வேன் காசு வாங்காமல் சும்மாவே வந்து நிற்கும். எரித்துவிட்டுத் திரும்பும்போது தெருமுனையில் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். மனைவி செங்கமலம் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைப்பாள். அதைத் தலையில் ஊற்றிக்கொள்ளாமல் அவரை நிலைப்படி தாண்ட விடமாட்டாள்.

“ஊர்ச் சாவையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க” என்பாள்.

இன்று செங்கமலத்தையும் அதே வேனில் அவர்தான் கொண்டுபோனார். வேறு யாரையும் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது, தெருமுனையில் கை தானாக ஹாரனை அழுத்தியது. வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேன் வந்து நின்றது, அவர் இறங்கவில்லை. எதிர்வீட்டு ரெஜினா தன் வீட்டிலிருந்து ஒரு வாளியைத் தூக்கிவந்து படியருகே வைத்தாள்.

“தண்ணி வச்சிருக்கேன், இறங்குங்கண்ணே.”

“இரும்மா” என்றார், மூடியிருந்த கதவைப் பார்த்தபடி. “அவளுக்குக் கேக்கல போல.”

மறுபடியும் ஹாரன் அடித்தார்.