எட்டரை மணிச் சாவு

“பொண்டாட்டி வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறா. விக்ரம் பெட்டியில வந்து எறங்குறான் சார். அதைப் பாத்ததுலேருந்து எனக்குச் சோறு எறங்கலை” என்று சொல்லும்போதே வாசகி ஸ்வீட்டி அழுதுவிட்டாள்.

ரகுநாத் சிரித்துவிட்டார். எழவுச் செய்தி கேட்டுச் சிரிக்கிற மனிதரை நாலு சாத்து சாத்தலாம்தான். ஆனால் விக்ரம் செத்துப்போனது எட்டரை மணி சீரியலில்.

புதுக்கோட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசகர் சந்திப்பு நடந்துகொண்டிருந்தது. ரகுநாத் வாரப் பத்திரிகை ஒன்றில் டிவி பக்கம் எழுதுகிறவர். ஆரம்பத்தில் புத்தகம், சினிமா என்று மரியாதையாகத்தான் கேள்வி கேட்டார்கள். அப்புறம் மைக் யார் கைக்குப் போனாலும் விக்ரம் பேச்சுதான்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன விக்ரம், போன வாரம் ஆணியடித்த பெட்டியாகத் திரும்பி வந்திருந்தான். பெட்டியைத் திறக்காமலேயே கொள்ளி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் பிள்ளையை, புருஷனை அனுப்பிய வீடுகள் நிறைந்த ஜில்லா இது. அழாமல் என்ன செய்யும்?

“கண்ணைத் தொடச்சுக்கங்கம்மா. விக்ரம் சாகலை” என்றார் ரகுநாத்.

“எப்படிச் சொல்றீங்க?” என்று முன்வரிசையிலிருந்து கேட்டார் ஞானராஜ் வாத்தியார்.

“நான் எழுதிக்கிட்டே இருக்கேனே, படிக்கலையா? சீரியல்ல அது ஒரு சட்டங்க. மொகத்தைக் காட்டிட்டா ஆள் காலி. மொகத்தைக் காட்டாம கொள்ளி வச்சா, கொஞ்ச நாள்ல தாடியோட வந்து கதவைத் தட்டுவான். விக்ரம் வரலைன்னா என் மீசையை எடுத்துடுறேன்!”

கூடமே கைதட்டியது. ரகுநாத் அந்த மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டார். இந்தக் கைதட்டலுக்காகத்தானே அவர் பஸ் ஏறி வந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு இளம்பெண் எழுந்தாள். தலை கொள்ளாத கனகாம்பரம், நெற்றியில் பளிச்சென்று குங்குமம். ஏதோ கல்யாணத்துக்கு வந்தவள் மண்டபம் மாறி நுழைந்துவிட்டாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது. பக்கத்திலிருந்த பெண் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம் அருணா. உக்காருத்தா.”

“விடுங்க மதினி. கேக்கத்தானே வந்தோம்.” மைக்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். “சார், நான் அறந்தாங்கிப் பக்கம். நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் வாரேன். மொகத்தக் காட்டலைன்னா... நெசமாவே ஆளு வந்துருவாங்களா?”

“நெசமா வந்துருவாங்கம்மா.”

“எங்க வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்குறாங்க சார்.”

“நம்பாட்டிப் போறாங்க, நான் சொல்றேன்ல?”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெட்டியத் தூக்குனவங்க, ஆறடி ஆளுக்கு இந்தக் கனம் பத்தாதேன்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. அதுவும் ஒரு அடையாளம்தானே சார்?”

ரகுநாத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த எபிசோடில் அப்படி ஒரு பேச்சு வந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. நடுவில் கண் அசந்துவிட்டோமோ? விமர்சகர் கோட்டை விட்டதை வாசகி கண்டுபிடித்தாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். பார்க்காததைப் பார்த்ததாகச் சமாளிப்பது அவருக்குக் கைவந்த கலை.

“அடடா, பிடிச்சுட்டீங்களே! அது தெரியணும்னுதான் அந்தப் பேச்சையே வச்சிருக்காங்க. பெட்டியில வந்தது அந்த ஆளே இல்லம்மா. சத்தியமாச் சொல்றேன்.”

அருணாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷம் எழுதி, ஒரு வாசகரின் முகத்திலும் அவர் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்ததில்லை. மறு நிமிஷமே அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மதினிக்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள். ரகுநாத்துக்கு என்னவென்று புரியவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

“ஏம்மா... ஒரு நாடகத்துக்குப் போயி இப்படி அழலாமா?”

அருணா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கலைந்த குங்குமத்தை அவசரமாகச் சரிசெய்துகொண்டாள். அப்புறம் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

“எங்க வீட்டுக்காரரையும் மொகத்தக் காட்டாமத்தான் எரிச்சாங்க சார்... வந்துருவாருல்ல?”