மாமனாரின் சைப்ரஸ்

"ரெண்டாவது கோட்டிங் காஞ்சிடுச்சாங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் மனைவி.

கேட்டது சுவரைப் பற்றி அல்ல, மரத்தைப் பற்றி.

ஆறு மாதத்துக்கு முன் மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பிய மாமனார், வீட்டுச் சாவியை இளைய மகளிடமும், வாசலில் நின்ற சைப்ரஸ் மரத்தை மாப்பிள்ளையிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். தெருவில் போகிறவர்களையே நிறுத்திவைத்து மரம் வளர்ப்புப் பாடம் எடுக்கிறவர், மாப்பிள்ளையை விடுவாரா? ஒரு மணி நேர உபதேசம். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இலைமேல் ஒரு சொட்டுப் படக் கூடாது. கத்தரிக்கோலா, மூச்! பச்சையைத் தாண்டி உள்கட்டையில் வெட்டினால் ஜென்மத்துக்கும் துளிர்க்காது.

"நான் வரும்போது மரம் இதே மாதிரி நிக்கணும். நின்னா மாடி வீடு உங்களுக்கு. இல்லேன்னா வாடகை வீட்டுலயே சௌக்கியமா இருங்க."

மாப்பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். மேதாவிகளுக்குக் கை சும்மா இருக்குமா? ஷேப் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று சுவர்ப் பக்கம் வெட்டித் தள்ளினார். ஷேப் வந்தது. தேய்ந்த துடைப்பத்தின் ஷேப். அந்த மொட்டைக் கிளைகளை மறைக்கத்தான் இந்தப் பச்சை பெயின்ட்.

"அப்பா கேட்டா என்ன சொல்வீங்க?"

"அவருக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதேடி!"

"கண் ஆபரேஷன் பண்ணிக்கத்தானே அக்கா வீட்டுக்கே போனாரு?"

மாப்பிள்ளை மூன்றாவது கோட்டிங்குக்குப் பிரஷ்ஷை எடுத்தார். இரண்டு பிள்ளைகளோடு அந்த வாடகை வீட்டு ஒற்றை அறையில் இன்னொரு வருஷம் என்றால் பைத்தியமே பிடித்துவிடும்.

அன்று மதியம் கார் வந்து நின்றது. இறங்கிய மாமனார் பேரப்பிள்ளைகளைக்கூடப் பார்க்காமல் நேரே மரத்திடம் போனார்.

"உள்ள வாங்க மாமா, வெயிலா இருக்கு."

"ஏன், மரத்துக்கு வெயில் இல்லையா?"

சுற்றி வந்தார். சுவர்ப் பக்கம் ஒரு கிளையைப் பாசத்தோடு தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரலும் பச்சை.

போச்சு, எல்லாம் போச்சு!

"அது வந்து மாமா... உரம் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு. அதான் பச்சையம் வெளிய கசியுது..."

மாமனார் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். மகள் பார்க்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மரத்துக்குப் போய் யாராவது டிஸ்டெம்பர் அடிப்பாங்களா மாப்ளே? தெருப் பக்கம் பூரா நான் எனாமல் அடிச்சு நாலு வருஷமாச்சு, ஒரு பய கண்டுபிடிச்சானா?"